கோடை அறுவடை வீட்டுக்குள் வந்த பிறகு: மாடித்தோட்டத்துக்குப் புதியவர்களுக்கான வழிகாட்டி

தை, மாசியில் விதைத்த மாடித்தோட்டங்கள் சித்திரை பிறந்ததும் நிற்காமல் காய்க்கத் தொடங்கிவிடும். விதை நேர்த்தி, மண் கலவை, பூச்சி விரட்டி ஆகியவற்றைப் பற்றிச் சொல்லித்தர எத்தனையோ பேர் இருக்கிறார்கள். பறித்த காயை என்ன செய்வது என்று கேட்டால் மட்டும், ஃபிரிட்ஜில் வையுங்கள் என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. வெண்டை, கத்தரி, வெள்ளரி, தக்காளி போன்ற கோடைக் காய்கள் பலவும் வெப்ப நிலத்துப் பயிர்கள் என்பதால், அவற்றில் சிலவற்றை அந்தக் குளிர்தான் முதலில் கெடுக்கிறது. இந்த விவரங்களை ஆளுக்கு ஒன்றாகக் கேட்டு, முன்னுக்குப் பின் முரணாக இருந்தவற்றைச் செய்து பார்த்துத் தெளிய வேண்டியிருந்தது. அந்த அலைச்சல் இன்னொருவருக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன். பறித்த முதல் ஒரு மணி நேரத்தில் எந்தக் காய் எந்த வழியில் போக வேண்டும் என்று பிரித்துவிட்டால், அதன் பிறகு வரும் வேலைகள் பெரும்பாலும் எளியவையே.

1. பறிப்பதற்கு முன்பு வாங்கி வைக்க வேண்டியவை

பெரிய செலவு எதுவும் தேவையில்லை. பழைய பருத்தி வேட்டி இரண்டு, முறம் அல்லது அகலமான எவர்சில்வர் தட்டுகள், காக்கையும் அணிலும் தொடாதபடி மேலே போர்த்தக் கொசுவலைத் துணி, இறுக மூடும் கண்ணாடிப் பாட்டில்கள், ஒரு பீங்கான் ஜாடி, கல்லுப்பு ஆகியவை இருந்தால் போதும். ஹார்லிக்ஸ், காப்பித்தூள், தேன் முதலியன வந்த பாட்டில்களைக் கழுவி வெயிலில் காய வைத்தால் பாட்டிலுக்குத் தனியாகப் பணம் செலவிட வேண்டியதில்லை. மூடியின் உட்புறம் துருப்பிடித்திருந்தால் மட்டும் அதைத் தவிர்த்துவிடுங்கள். மெய்யாகவே செலவு வைப்பது நல்லெண்ணெய்தான். ஆகவே எண்ணெய் ஊறுகாய் போடும் எண்ணம் இருந்தால், எவ்வளவு காய்க்கு எவ்வளவு எண்ணெய் என்பதை முன்கூட்டியே கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மின்சார உலர்த்தி வாங்கலாமா என்று பலர் கேட்கிறார்கள். 250 வாட் உலர்த்தி 8 மணி நேரம் ஓடினால் 2 யூனிட் ஆகும். தமிழ்நாட்டில் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், கோடையில் மின்விசிறியும் ஏசியும் அதை எப்போதோ தாண்டியிருக்கும். மாடியில் வெயில் விழும் வீட்டுக்கு முதல் ஆண்டிலேயே உலர்த்தி தேவையில்லை என்பது என் கருத்து. வெயிலே விழாத அடுக்குமாடி வீட்டில் கறிவேப்பிலை, முருங்கை இலை போன்றவற்றை அடிக்கடி பொடியாக்குகிறவருக்கு அது பயன்படலாம்.

2. பறிக்கும் நேரமும் பதமும்

விடியற்காலையில், செடியின் மேல் வெயில் ஏறுவதற்கு முன் பறியுங்கள். காய் பறித்த பின்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறது. வெப்பம் ஒவ்வொரு 10 டிகிரி செல்சியஸ் கூடும்போதும் அந்த மூச்சின் வேகம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்காகிறது. பகல் 11 மணிக்குச் சூடேறிய வெண்டையைப் பறித்துப் பிளாஸ்டிக் பையில் கட்டினால், மாலைக்குள் அது வதங்கி, உள்ளே வேர்த்து, நுனி கருத்துவிடும். காலையில் பறித்தால் அதே வெண்டை இரண்டு மூன்று நாள் நிற்கும்.

வெண்டையில் பூ விரிந்து ஐந்தாறு நாள்களில் காய் பறிக்கும் பதத்துக்கு வந்துவிடும் என்பதால் ஒன்றுவிட்டு ஒரு நாள் செடியைப் பார்க்க வேண்டும். நுனியை ஒடித்தால் படக்கென்று ஒடிவதே பதம். கத்தரியில் தோலின் பளபளப்பே அடையாளம். மினுமினுப்பு மங்கினால் உள்ளே விதை முற்றிவிட்டது என்று பொருள். சுரையிலும் பீர்க்கிலும் நகம் எளிதாக இறங்க வேண்டும். கொத்தவரையை நாள் தவறவிட்டால் நார் ஏறி வற்றலுக்குக்கூட உதவாது. சேமிக்க நினைக்கும் பரங்கியையும் சாம்பல் பூசணியையும் மாறாக நன்றாக முற்றவிட்டு, காம்பை இரண்டு விரல் நீளம் விட்டு அறுக்க வேண்டும். காம்பு பிடுங்கப்பட்ட பூசணி அந்த இடத்திலிருந்தே அழுகும். சாம்பல் பூசணியின் மேல் படிந்துள்ள வெண்பூச்சு அதற்கு இயற்கை தந்த காப்பு. அதைத் துடைக்காமல் காற்றோட்டமான மூலையில் வைக்கோலின் மேலோ துணிச் சும்மாட்டின் மேலோ வைத்தால் மாதக்கணக்கில் இருக்கும்.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கை மிகவும் தேவை. சுரை, பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றைச் சமைக்கும் முன்பு ஒரு சிறு துண்டை நாவில் வைத்துப் பாருங்கள். இயல்புக்கு மாறான கசப்பு இருந்தால் துப்பிவிட்டு, அந்தக் காயை முழுவதுமாக எறிந்துவிடுங்கள். குக்குர்பிட்டாசின் என்னும் நச்சுப்பொருளே அந்தக் கசப்புக்குக் காரணம். வேகவைத்தாலும் அது போகாது. கசந்த சுரைக்காய்ச் சாற்றைக் குடித்துக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கு, இரத்தக் கசிவு வரை போனவர்கள் இந்தியாவில் இருக்கிறார்கள், உயிரிழப்புகளும் நேர்ந்துள்ளன. தண்ணீர் போதாத வெயில் காலத்தில் மாடிச்செடிகளுக்கு இந்தக் கசப்பு ஏறும் வாய்ப்பு அதிகம். பாடுபட்டு வளர்த்த காயாயிற்றே என்று இரக்கம் பார்க்காதீர்கள்.

3. முதல் ஒரு மணி நேரம்: நான்காகப் பிரித்தல்

கூடையை நிழலில் இறக்கியதும் காய்களைக் கழுவ ஓடாதீர்கள். புதியவர்கள் செய்யும் தவறுகளில் இதுவே முதலாவது. கழுவிய ஈரத்தோடு உள்ளே போகும் காய்தான் முதலில் அழுகுகிறது. வெண்டை வழவழத்துப் போகிறது. மண்ணை உலர்ந்த துணியால் துடைத்தால் போதும். கழுவுதல் சமைக்கும் நேரத்து வேலை. தழைகளில் மண் அதிகமாக இருந்து கழுவித்தான் ஆக வேண்டும் என்றால், பிறகு துணியில் பரப்பி ஈரம் முழுவதும் போகும் வரை மின்விசிறிக் காற்றில் ஆற வையுங்கள்.

அடுத்து, பிரியுங்கள். வெடித்தது, கீறல் பட்டது, பூச்சி கடித்தது எல்லாம் அன்றைய சமையலுக்கு. மாசு மருவற்ற இளங்காய்கள் இரண்டு மூன்று நாளைக்கு வைத்துக்கொள்ள. சற்று முற்றியும் நார் ஏறாமல் இருப்பவை வற்றலுக்கு. மிகுதியாக இருக்கும் நல்ல காய் ஃபிரீசருக்கு அல்லது அக்கம்பக்கத்துக்கு. அக்கம்பக்கம் என்பதை விளையாட்டுக்காகச் சொல்லவில்லை. ஒரு கிலோ வெள்ளரியையோ புடலையையோ சேமிக்க முயல்வதைவிட, அன்றைக்கே அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவது மேல்; அவை உலர்த்தவும் உறைய வைக்கவும் ஏற்றவை அல்ல.

பிரித்த கூடைகளை எங்கே வைக்கிறீர்கள் என்பதையும் கவனியுங்கள். கோடை என்றால் வீட்டில் எங்காவது ஒரு மூலையில் மாங்காய் பழுத்துக்கொண்டிருக்கும். பழுக்கும் மாம்பழம், வாழைப்பழம், பப்பாளி ஆகியவை எத்திலீன் என்னும் வாயுவை வெளிவிடுகின்றன. அந்த வாயு பட்டால் கீரையும் கொத்தமல்லியும் வெள்ளரியும் விரைவில் மஞ்சளாகும்; கத்தரியின் காம்பு கழன்று தோல் பழுப்பேறும். பழக்கூடை ஓர் அறையில் என்றால் காய்க்கூடை மற்றோர் அறையில் இருக்கட்டும்.

4. எது ஃபிரிட்ஜுக்குள், எது வெளியே

வீட்டு ஃபிரிட்ஜின் உட்புறம் பொதுவாக 4 டிகிரி அளவில் இருக்கும். வெண்டைக்கு உகந்தது 7 முதல் 10 டிகிரி. கத்தரிக்கும் வெள்ளரிக்கும் 10 முதல் 12 டிகிரி. அதற்குக் கீழே போனால் சில நாள்களில் தோலில் குழிகள் விழுந்து, கரும்புள்ளி தோன்றி, வெளியே எடுத்ததும் நீர்விட்டுக் குழைந்துவிடும். எனவே இவற்றை நாளிதழ்த் தாளில் தளர்வாகச் சுற்றி, கீழ்த்தட்டிலுள்ள காய்கறிப் பெட்டியில் வைத்து மூன்று நாளுக்குள் எடுத்துவிடுங்கள். மேலே ஃபிரீசர் இருக்கும் ஒற்றைக் கதவுப் பெட்டிகளில் அந்தக் கீழ்த்தட்டே மற்றத் தட்டுகளை விடச் சற்று வெப்பம் கூடிய இடம். கொத்தவரை, பச்சை மிளகாய், பாகல் ஆகியவையும் அங்கேயே இருக்கலாம். மிளகாயின் காம்பைக் கிள்ளிவிட்டு, தாள் விரித்த டப்பாவில் வைத்தால் இரண்டு வாரம் வரை கெடாது. தாள் நமுத்தால் மாற்றிவிட வேண்டும்.

தக்காளியில்தான் நம் ஊர்க் கோடை சிக்கல் செய்கிறது. தக்காளியை ஃபிரிட்ஜில் வைக்கக் கூடாது என்னும் அறிவுரை குளிர்நாட்டுச் சமையலறைக்குப் பொருந்தும். 38 டிகிரி வெயில் காயும் வேலூரிலோ திருச்சியிலோ அப்படியே பின்பற்றினால் இரண்டே நாளில் அழுகிய கூடைதான் மிஞ்சும். செங்காயாக இருப்பதை வீட்டின் குளிர்ந்த அறையில், காம்புப் பக்கம் கீழாக இருக்கும்படி, ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் பரப்பி வையுங்கள். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டினால் தக்காளியில் சிவப்பு நிறம் சரியாக ஏறாது. ஆரஞ்சு நிறத்திலேயே நின்று குழையும். மாடியில் பழுக்கவிடாமல், நிறம் மாறத் தொடங்கியதுமே பறித்து உள்ளே கொண்டுவரச் சொல்வது இதனால்தான். முழுதும் பழுத்ததை ஃபிரிட்ஜில் வைத்து, சமைப்பதற்குச் சற்று முன்பு வெளியே எடுத்து வைத்தால் போதும்.

சின்ன வெங்காயம் வளர்த்திருந்தால் தாளோடு பிடுங்கி, நிழலில் பரப்பி, கழுத்துப் பகுதி நன்றாகக் காய்ந்த பிறகு தாளை அறுத்துவிட்டு, வலைப்பையிலோ மூங்கில் கூடையிலோ காற்றுப்பட வையுங்கள். உருளைக்கிழங்கோடு சேர்த்து வைக்காதீர்கள். இரண்டில் ஒன்று முளைக்கும் அல்லது அழுகும்.

மின்சாரமில்லாத குளிர்ச்சிக்குப் பானைக்குள் பானை வைத்து, இடைவெளியில் மணல் கொட்டி நனைத்து, மேலே ஈரத்துணி போடும் முறை உண்டு. இரண்டு மண்பானையும் ஒரு வாளி ஆற்று மணலும்தான் செலவு. ஆனால் இந்தக் குளிர்ச்சி நீர் ஆவியாவதால் வருவது. வறண்ட காற்று வீசும் மதுரை, கரூர், திருச்சிப் பக்கம் இது நன்றாகவே வேலை செய்யும், கடற்காற்றில் ஈரம் நிறைந்த சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடியில் பெரிதாகப் பயன் தராது. உங்கள் ஊரில் வெயில் காலத்தில் வியர்வை சட்டென்று காய்கிறதா, பிசுபிசுவென்று நிற்கிறதா என்று பார்த்தாலே இதைத் தீர்மானித்துவிடலாம்.

5. கறிவேப்பிலை, புதினா, கீரை வகை

புதினாவையும் கொத்தமல்லியையும் தண்டோடு பறித்து, பூங்கொத்தைப் போல அரை டம்ளர் தண்ணீரில் நிற்கவைக்கலாம். தண்ணீரை நாள்தோறும் மாற்ற வேண்டும், நீரில் மூழ்கும் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும். ஃபிரிட்ஜில் வைப்பதானால் வேரை நறுக்கி, பழுத்த இலைகளைக் களைந்து, உலர்ந்த துணியில் சுற்றி மூடிய டப்பாவில் வையுங்கள். ஒரே ஓர் அழுகிய இலை உள்ளே போனாலும் டப்பா முழுவதும் கெட்டுவிடும் என்பதால் இதில் சோம்பல் கூடாது. துளசி, திருநீற்றுப்பச்சிலை ஆகியவற்றைக் குளிரில் வைத்தால் இலை கருக்கும். அவற்றையும் கற்பூரவல்லியையும் தேவைப்படும்போது செடியிலிருந்து கிள்ளிக்கொள்வதே சரி.

கறிவேப்பிலையை ஈர்க்கிலிருந்து உருவி, ஈரமில்லாமல், தாள் விரித்த டப்பாவில் வைத்தால் இரண்டு வாரத்துக்குக் குறையாமல் நிற்கும். அதற்கு மேலும் இருந்தால் நிழலில் காய வைத்துப் பொடியாக்குங்கள். தழைகளை வெயிலில் காய வைத்தால் நிறமும் மணமும் ஒருங்கே போய்விடும். உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் கரோட்டினும் வெயிலில் பெருமளவு சிதைகிறது. மின்விசிறி ஓடும் அறையில் வேட்டித் துணியில் பரப்பினால் கோடையில் இரண்டு மூன்று நாளில் இலை நொறுங்கும் பதம் வந்துவிடும்.

முருங்கைக் கீரையை உருவும் வேலைக்கு அஞ்சி அதை யாருக்காவது கொடுத்துவிடுபவர்கள் உண்டு. கொப்பைத் துணியிலோ நாளிதழிலோ இறுகச் சுற்றி இரவு முழுவதும் வைத்துவிட்டுக் காலையில் உதறினால் இலைகள் தாமாகவே உதிரும். அதை அப்படியே நிழலில் பரப்பி, மொறுமொறுப்பானதும் அரைத்துச் சலித்து வைத்துக்கொண்டால், அடைமாவிலும் பருப்புப் பொடியிலும் ரசத்திலும் ஒரு கரண்டி சேர்க்கலாம். பச்சை முருங்கைக் கீரையில் முக்கால் பங்கு நீர்தான். ஒரு கிலோ கீரை கால் கிலோ அளவுக்குச் சுருங்கும் என்று எதிர்பாருங்கள்.

6. வற்றல் போடுதல்

நம் கோடைக்கு இதைவிடப் பொருத்தமான சேமிப்பு வேறில்லை. மே 4ஆம் தேதியை ஒட்டித் தொடங்கி மாத இறுதி வரை நீடிக்கும் கத்திரி வெயில் இதற்கு உகந்த காலம். ஆனால் நாள்காட்டியை மட்டும் நம்பாதீர்கள். அதே நாள்களில்தான் மாலையில் கோடை மழையும் இறங்கும். தொடர்ந்து மூன்று நாள் வெயில் உண்டா என்று வானிலை அறிவிப்பைப் பார்த்த பிறகே காயை நறுக்குங்கள். கோவை, தென்காசிப் பக்கத்தில் இருப்பவர்கள் ஜூன் தொடக்கத்துக்குள் வற்றல் வேலையை முடித்துவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வந்துவிட்டால் சாரலில் எதுவும் காயாது. கடலோர ஊர்களில் பிற்பகலில் ஈரக்காற்று ஏறுவதால், வெயில் தாழ்வதற்கு முன்பே தட்டுகளை உள்ளே எடுத்துவிடுவது நல்லது.

அடிப்படை முறை எல்லாக் காய்க்கும் ஒன்றுதான்: உப்பு நீரில் ஒரு கொதி விட்டோ, உப்பு கலந்த புளித்த மோரில் ஊறவைத்தோ, வடித்து, வெயிலில் கலகலவென்று காயும் வரை உலர்த்த வேண்டும். கொதிக்க வைப்பது காயிலுள்ள நொதிகளை அடக்கி நிறத்தையும் சுவையையும் காப்பாற்றுகிறது. உப்பும் புளிப்பும் காயும் வரை பூஞ்சணத்தைத் தடுக்கின்றன. கொத்தவரையை முழுதாகவே உப்பு நீரில் அரைவேக்காடாக வேகவைத்து வடித்து உலர்த்தலாம். கத்தரியைக் கீற்றுக் கீற்றாக நறுக்கி உப்பும் மஞ்சளும் சேர்த்த கொதிநீரில் போட்டு எடுங்கள். வெண்டையையும் பாகலையும் வில்லைகளாக நறுக்கி, உப்பிட்ட கெட்டித் தயிரில் பிரட்டிக் காய வைப்பது வழக்கம். சுண்டைக்காயை இலேசாகத் தட்டி, விதை சிதறாமல், மோரில் ஊறவைக்க வேண்டும். மணத்தக்காளியைக் காம்பு நீக்கி அப்படியே ஊறவைக்கலாம்.

மோர் மிளகாய்க்குப் பொறுமை வேண்டும். மிளகாயைக் கழுவித் துடைத்து, காம்பைக் கிள்ளாமல், நுனியில் சிறு கீறல் போட்டு, உப்பிட்ட புளித்த மோரில் இரவு ஊறவைத்து, காலையில் மிளகாயை மட்டும் எடுத்து வெயிலில் பரப்ப வேண்டும். மாலையில் அதே மோரில் திரும்பப் போட வேண்டும். மோர் முழுவதையும் மிளகாய் குடித்து முடிக்கும் வரை இப்படியே தொடர்ந்து, பிறகு வெறுமனே காய விட வேண்டும். கீறாமல் போட்டால் மோர் உள்ளே போகாது. பொரிக்கும்போது வெடித்து எண்ணெய் முகத்தில் தெறிக்கும். மோரை அலுமினியம், பித்தளைப் பாத்திரங்களில் வைக்காதீர்கள். எவர்சில்வரோ பீங்கானோ மண்சட்டியோ இருக்கட்டும்.

பலரும் இடறும் இடங்கள் சில உண்டு. பிளாஸ்டிக் தாளின் மேல் பரப்பினால் காயின் அடிப்பக்கம் வேர்த்து நிற்கும்; பருத்தித் துணியோ பாயோ முறமோ இருந்தால் ஈரம் இரு பக்கமும் போகும். அடர்த்தியாகப் பரப்புவதும் அதே கேட்டைத் தரும். இரவில் மாடியிலேயே விட்டுவிட்டால் பனி ஈரம் இறங்கி, பகலில் காய்ந்ததில் பாதி திரும்பிவிடும். வெயிலிலிருந்து எடுத்த சூட்டோடு பாட்டிலில் போட்டு மூடினால் உள்ளே நீர் கோத்துப் பூசணம் பிடிக்கும். ஆறவிட்டு, ஆனால் காற்றின் ஈரத்தை இழுப்பதற்குள், அன்று மாலைக்குள்ளாகவே அடைக்க வேண்டும்.

காய்ந்துவிட்டதா என்று அறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஆறிய வற்றலில் ஒரு பிடியைக் கண்ணாடிப் பாட்டிலில் போட்டு இறுக மூடி, ஒரு மணி நேரம் வெயிலில் வையுங்கள். உட்சுவரில் துளி ஈரம் தென்பட்டாலும் முழு வற்றலுக்கும் இன்னொரு நாள் வெயில் தேவை. வெண்டையில் பத்தில் ஒன்பது பங்கு நீர் என்பதால் ஒரு கிலோ காய் நூற்றைம்பது கிராமுக்குள் சுருங்கும். அதற்கு மேல் எடை இருந்தால் உப்பு அதிகமாகியிருக்கிறது, அல்லது சரியாகக் காயவில்லை.

பூஞ்சணம் பூத்த வற்றலையும் மிளகாயையும் தட்டித் துடைத்துப் பயன்படுத்தும் பழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். சரியாகக் காயாத மிளகாயில் வளரும் சில பூஞ்சைகள் கல்லீரலைக் கெடுக்கும் அஃப்ளாடாக்சின் என்னும் நச்சை உண்டாக்குகின்றன. மேலே தெரியும் பூசணத்தைத் துடைப்பதாலோ பொரிப்பதாலோ அந்த நச்சு முற்றிலும் நீங்குவதில்லை.

7. ஃபிரீசர் யாருக்கு, எதற்கு

கொத்தவரை, பீன்ஸ், முருங்கைக்காய், வெண்டை ஆகியவற்றை உறைய வைக்கலாம். நறுக்கி, தளதளவென்று கொதிக்கும் நீரில் மூன்று நிமிடம் போட்டு, உடனே பனிக்கட்டி போட்ட நீரில் அதே அளவு நேரம் ஆறவிட்டு, வடித்து, துணியில் ஒற்றி, தட்டில் தனித்தனியாகப் பரப்பி உறையவிட்ட பிறகு பையில் நிரப்புங்கள். வெண்டையை நறுக்குவதற்கு முன்பே முழுதாகப் போட்டு எடுத்தால் வழவழப்பு நீரில் இறங்காது. கொதிநீர் வேலையைத் தவிர்த்து அப்படியே உறைய வைத்தால், சில வாரங்களில் காய்க்கு வைக்கோல் மணம் ஏறிவிடும். சமைக்கும்போது உருகவிடாமல் நேராகக் கொதிக்கும் குழம்பில் போட வேண்டும்.

கண்டிப்பாகக் கணக்கில் கொள்ள வேண்டியது மின்வெட்டு. கதவைத் திறக்காமல் இருந்தால், நிறைந்த ஃபிரீசர் ஏறத்தாழ 48 மணி நேரமும், பாதி நிறைந்தது 24 மணி நேரமும் குளிரைத் தாங்கும். கீழேயுள்ள ஃபிரிட்ஜ் பகுதிக்கு 4 மணி நேரமே கெடு. ஃபிரீசருக்குச் சொன்னவை மைனஸ் 18 டிகிரியில் இயங்கும், தனிக் கதவுள்ள ஃபிரீசருக்கான அளவுகள். ஒற்றைக் கதவுப் பெட்டியின் சிறு பனிப்பகுதி அந்தக் குளிரை எட்டுவதில்லை என்பதால் அதில் வைத்ததை ஒரு மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள். இலவசமாக விளைந்த காய்க்காகப் பெரிய ஃபிரிட்ஜ் வாங்கப் புறப்படுவது கணக்குக்கு ஒத்துவராது.

8. உப்பும் எண்ணெயும்

மாவடுவை மாசி, பங்குனியிலேயே போட்டிருப்பீர்கள். பிந்திப் பூத்த மரத்துப் பிஞ்சு கிடைத்தால் சித்திரையிலும் போடலாம். கழுவித் துளி ஈரமில்லாமல் துடைத்து, விளக்கெண்ணெய் தடவி, கிலோவுக்கு ஏறத்தாழ 200 கிராம் கல்லுப்பு சேர்த்து, தானே விடும் நீரில் சுருங்கும் வரை நாள்தோறும் குலுக்கி, பின் கடுகுப்பொடியும் மிளகாய்ப்பொடியும் மஞ்சளும் சேர்க்க வேண்டும். உப்பைக் குறைத்துப் போட்டால் உடலுக்கு நல்லது என்று நினைத்துப் பாதியாக்குகிறவர்கள், அதை ஊறுகாயாகக் கருதாமல் ஃபிரிட்ஜில் வைத்து விரைவில் உண்டுவிட வேண்டும். அறையில் வைத்திருக்கும் துணிவு உப்பு தருவதுதான்.

புதினா, கறிவேப்பிலை, தக்காளித் தொக்குகளில் புளியும் உப்பும் போதுமான அளவு இருந்து, எண்ணெய் பிரிந்து மேலே நிற்கும் வரை சுண்ட வதக்கினால் ஃபிரிட்ஜில் ஒரு மாதம் இருக்கும். ஈரக்கரண்டி பட்டால் எந்தக் கணக்கும் செல்லாது.

புதிதாகப் பரவியிருக்கும் ஒரு வழக்கம் மட்டும் எனக்குக் கவலை தருகிறது: பச்சைப் பூண்டையும் தழைகளையும் எண்ணெயில் மூழ்கவைத்து, அழகான பாட்டிலில் அடுப்பு மேடையில் வாரக்கணக்கில் வைப்பது. காற்றுப் புகாத, புளிப்பில்லாத அந்தச் சூழலில் பாட்டுலிசம் என்னும் உயிர்கொல்லும் நோயைத் தரும் நச்சை உண்டாக்கும் நுண்ணுயிர் வளர முடியும்; மணத்திலும் சுவையிலும் அதைக் கண்டுபிடிக்க இயலாது. செய்துதான் ஆக வேண்டும் என்றால் ஃபிரிட்ஜில் வைத்து நான்கு நாளில் முடித்துவிடுங்கள். புளியும் உப்பும் நிறைந்த நம் பூண்டு ஊறுகாய் வேறு வகை.

9. எழுதி ஒட்டுதல்

ஒவ்வொரு பாட்டிலிலும் காயின் பெயர், அடைத்த தேதி, உப்பா மோரா என்னும் குறிப்பு ஆகிய மூன்றையும் எழுதி ஒட்டுங்கள். காய்ந்த பின் சுண்டை எது, மணத்தக்காளி எது என்றுகூடச் சிலருக்குக் குழப்பம் வரும். ஒரு நோட்டில் பறித்த எடையையும் காய்ந்த எடையையும் குறித்து வைத்தால், அடுத்த ஆண்டு எத்தனை செடி போதும் என்ற கேள்விக்கு அதுவே விடை.

10. விற்க நினைத்தால்

காயைக் காயாகவே கொடுப்பது வேறு. வற்றலாகவோ தொக்காகவோ ஆக்கி விற்பது வேறு. பின்னதற்கு வீட்டிலிருந்து சிறிய அளவில் செய்தாலும் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணய ஆணையத்தில் பதிவு தேவை. ஃபாஸ்காஸ் என்னும் அதன் இணையதளத்தில் நீங்களே விண்ணப்பிக்கலாம். புகைப்படம், அடையாளச் சான்று, முகவரிச் சான்று, என்ன பொருள் செய்கிறீர்கள் என்னும் விவரம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். சிறு உற்பத்தியாளருக்கான அரசுக் கட்டணம் ஆண்டுக்கு 100 ரூபாய் என்ற அளவிலேயே இருந்து வந்திருக்கிறது. அன்றைய கட்டணத்தைத் தளத்திலேயே பார்த்துவிட்டு, ஆயிரக்கணக்கில் கேட்கும் இடைத்தரகரிடம் போகாதீர்கள். கிடைக்கும் 14 இலக்க எண்ணோடு, சேர்பொருள்கள், நிகர எடை, தயாரித்த தேதி, பயன்படுத்த வேண்டிய கெடு, உங்கள் முகவரி, சைவப் பொருளுக்குரிய பச்சைக் குறி ஆகியவை பொட்டலத்தில் இருக்க வேண்டும். வெயில் தொடங்கும் முன்பே விண்ணப்பித்துவிட்டால், வற்றல் காயும் நேரத்தில் எண் கையில் இருக்கும்.

11. எடுத்துப் பயன்படுத்தும் வரிசை

ஆனி, ஆடியில் தொக்குகளும் ஃபிரீசர் காய்களும் முதலில் தீர வேண்டும். அவற்றின் ஆயுள் குறைவு. கத்தரி வற்றலையும் கொத்தவரை வற்றலையும் வெந்நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, அந்த நீரை உப்பின் அளவைப் பார்த்து வைத்துக்கொண்டோ கொட்டிவிட்டோ, புளிக்குழம்பிலும் கூட்டிலும் சேர்க்கலாம். சுண்டை, மணத்தக்காளி வற்றல்களை ஊறவைக்கக் கூடாது. நல்லெண்ணெயில் சிறு தீயில் வறுத்து, அந்த எண்ணெயோடு வத்தக்குழம்பில் கொட்ட வேண்டும். எண்ணெய் புகையும் சூட்டில் போட்டால் நொடியில் கருகிக் கசந்துவிடும். வற்றலில் ஏற்கெனவே உப்பு இருப்பதால், குழம்புக்கு வழக்கமாகப் போடும் உப்பில் பாதியை மட்டும் முதலில் போட்டு, கொதித்த பிறகு சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

புரட்டாசி முடிவதற்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, எல்லாப் பாட்டில்களையும் ஒரு முறை திறந்து, வற்றலை அரை நாள் வெயிலில் காட்டி, ஆறவிட்டுத் திரும்ப அடையுங்கள். வண்டு விழுந்ததையும் காறல் வாடை அடிப்பதையும் அப்போதே ஒதுக்கிவிடலாம். மிச்சமுள்ளதில் பெரிய பாட்டிலை அப்படியே மூடி வைத்துவிட்டு, ஒரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் சிறு டப்பாவில் எடுத்து அடுப்படியில் வைத்துக்கொண்டால், மழைக்காலத்து ஈரக்காற்று ஒவ்வொரு முறையும் பெரிய பாட்டிலுக்குள் புகாது.